எனக்குக் கிடைக்கல

போன வாரம் தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக் கதவோரம் போட்டுவிட்டு, "கணக்கு மிஸ் எனக்கு மூளையே இல்லன்னு சொல்லிட்டாங்கப்பா" என்றான். நான் யோசிக்காமல், "இல்லன்னு எப்புடிச் சொல்ல முடியும்? மிஸ்ஸுக்குக் கிடைக்கல, அவ்ளோதான்" என்றேன். பாப்பா, நீயும் அவனும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அந்த மேடத்த நெனச்சுக்கினியா?" என்று கேட்டாள்.

எந்த மேடம் என்று நீங்கள் கேட்டீர்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் டிவி போட்டுவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரை எழுதவில்லை. ஒருவரைக் கேட்காமல் அவர் பெயரை எழுதுவது முறையில்லை. கேட்கலாம் என்றால் அவர் எங்கே இருக்கிறார் என்பதும் தெரியாது.

பாப்பா, நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் ஒரகடம் போகும் ரோட்டில் ஒரு பால் கம்பெனியில் வேலை பார்த்தேன். சுற்றிலும் கார் செய்கிறவர்கள், லாரி செய்கிறவர்கள், போன் செய்கிறவர்கள். எல்லாம் வெள்ளை வெள்ளையாய்க் கட்டிடங்கள், மதிலுக்குள்ளேயே பஸ் திரும்பும் அளவுக்கு இடம். நடுவில் எங்கள் பால் கம்பெனி மட்டும், கல்யாண வீட்டில் வேறு கல்யாணத்துக்கு வந்த ஆள் தப்பாக உட்கார்ந்துவிட்ட மாதிரி, புளித்த வாடையோடு நின்றுகொண்டிருக்கும். அங்கே கலவைப் பிரிவில் எனக்கு வேலை. கொழுப்பெடுத்த பாலில் வைட்டமின் ஊற்றிக் கலக்குவது என் பொறுப்பு.

அந்த மேடம் லேப்பில் இருந்தார். ஊற்றிய வைட்டமின் பாலில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. வைட்டமினுக்கு வெளிச்சம் ஆகாது. அதனால் லேப் ஜன்னலுக்கெல்லாம் காக்கித்தாள் ஒட்டியிருப்பார். டியூப்லைட்டில் மஞ்சள் தாளைச் சுற்றியிருப்பார். பட்டப்பகலில் அந்த அறைக்குள் போனால் மழை வரப்போகிற சாயங்காலம் மாதிரி இருக்கும். அதற்குள் அவர் ஒருவரே நின்றுகொண்டிருப்பார். எங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'இருட்டு மேடம்'.

முதல் தடவை நான் அந்த அறைக்குப் போனது சாம்பிள் பாட்டில் வாங்க.

"மேடம், காலி பாட்டில் இல்லீங்களா?"

"நான் இன்னும் பாக்கல அண்ணாச்சி. தேடிட்டுச் சொல்லுதேன்."

அவர் தூத்துக்குடிப் பக்கம். அங்கே மரியாதைக்கு அண்ணாச்சி என்பார்கள். எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். அன்றைக்குக் கூட வந்த ஏழுமலை, என்னோடு கலவையில் வேலை பார்த்தவன், வெளியே வந்ததும், "இன்னாபா, கடை எப்பத் தொறந்த? கால் கிலோ துவரம்பருப்பு கட்டு" என்றான். அந்த வருஷம் முழுக்க என்னைப் பார்த்தாலே பருப்பு கேட்டான்.

அவன்தான் முதலில் கவனித்தான், அந்த மேடம் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது என்று. பஸ் இல்லையா என்றால், "நான் பாக்கல" என்பார். மேனேஜர் வந்துவிட்டாரா என்றால், "என் கண்ணுல படல" என்பார். கேண்டீனில் ஒருநாள் பரிமாறுகிறவர், "வடை இல்ல மேடம்" என்றார்.

"தீந்துபோச்சா, போடவே செய்யலியா?"

"இன்னா மேடம், வடைக்கும் டெஸ்ட்டா?"

"ரெண்டும் வேறலா. தீந்துபோச்சுன்னா நாளைக்கு நான் வெள்ளன வருவேன்."

கேண்டீனே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு, வழக்கம் போல ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். அதற்கப்புறம் எங்கள் ஆட்கள் செருப்பு தொலைந்தாலும், ஸ்பேனர் தொலைந்தாலும், "இல்லன்னு சொல்ல மாட்டேன். எனக்குக் கிடைக்கல" என்று அவர் குரலிலேயே இழுத்துச் சொல்வார்கள். அவர் காதிலும் அது விழும்.

லேப்பிலும் அதே கதைதான். எதையாவது தேடிப் பார்த்து அது வரவில்லை என்றால் ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று எழுத மாட்டார். 'கிடைக்கவில்லை' என்று எழுதுவார். ஏன் மேடம் என்று ஒருநாள் கேட்டேன். "நான் தேடுன வரைக்கும் கிடைக்கல. அத மட்டுந்தான அண்ணாச்சி நான் சொல்ல முடியும்? இருக்கா, என்னங்கறது அதுக்குத்தான தெரியும்" என்றார்.

என் வேலையை உங்களுக்குச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். வைட்டமின் ஏ, டி இரண்டும் எண்ணெய்ச் சாதி. பாலில் கொழுப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். கொழுப்பை எடுத்தால் கூடவே போய்விடும். உடம்பு குறைக்கிறவர்களுக்கு என்று கொழுப்பெடுத்த பால் செய்கிறோம். போன வைட்டமினை நாமே திரும்ப ஊற்றுகிறோம். கறுப்பு டின்னில் வரும், மஞ்சளாய், நல்லெண்ணெயை விடக் கொஞ்சம் நீர்க்க. ஒரு வாளி வெதுவெதுப்பான பாலில் அதை நூல் மாதிரி விட்டுக் கலக்கி, பிறகு பெரிய டேங்க்கில் சேர்க்க வேண்டும்.

ஒருநாள் ஏழுமலை அவசரத்தில் பாலுக்குப் பதில் தண்ணீரில் கலக்கிவிட்டான். மஞ்சள் முழுக்க வாளிச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. சாம்பிள் எடுக்க வந்த மேடம் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"தண்ணிக்கு அதப் பிடிச்சு வச்சுக்கத் தெரியாது. பாலுக்குத் தெரியும்."

"அதான் கொழுப்ப எடுத்துட்டமே மேடம். அப்பால எது புடிச்சுக்கும்?" என்றான் ஏழுமலை.

"புரதம் இருக்குலா. வெத்தலைய மடிச்சு உள்ள பாக்கு வைக்கோம், அத மாதிரி நெனச்சுக்கிடுங்க. பால்ல உள்ள ஒரு புரதம் அப்படி மடிஞ்சுதான் கெடக்கு. மடிப்புக்குள்ள தண்ணி போகாது. வைட்டமின் உள்ள போயி உக்காந்துக்கிடும். வயித்துல எவ்வளவு புளிப்பு இருந்தாலும் அந்த மடிப்பு லேசுல விடாது. அதத் தாண்டிக் குடலுக்குப் போயி, அங்க உள்ள காரத்துலதான் மெல்லத் தெறக்கும்."

"வெத்தல கீது, பாக்கு கீது. சுண்ணாம்பு யாரு மேடம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சுண்ணாம்பு நாந்தான்" என்றார்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் வேலையே அதுதான் என்று பிறகு விளங்கியது. புரதம் பிடித்து வைத்திருக்கிற வைட்டமினைக் காரம் போட்டுச் சூடாக்கி, விடவைத்து, தனியே எடுத்தால்தான் அளக்க முடியும். அளப்பது ஒரு மிஷின். அதன் திரையில் ஒரு கோடு ஓடும். வைட்டமின் வந்தால் கோடு மலை மாதிரி எழும்பி இறங்கும். வராவிட்டால் தரையோடு தரையாய்ப் போகும். "மலை வந்துச்சா மேடம்?" என்றுதான் நாங்கள் கேட்போம். நல்ல மலை வந்த அன்றைக்கு அவர் கதவைப் பாதி திறந்து வைத்திருப்பார். அவருடைய சந்தோஷத்துக்கு வேறு அடையாளம் எதையும் நான் பார்த்ததில்லை.

சுங்குவார்சத்திரத்தில் அவருக்கு வாடகை அறை. போன் கம்பெனிப் பெண்களோடு சேர்ந்து தங்கியிருந்தார். எல்லோரும் தெற்கத்திப் பிள்ளைகள். ஒவ்வொருத்திக்கு ஒவ்வொரு ஷிப்ட். ஒருத்தி வரும்போது ஒருத்தி கிளம்புவாள். ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார நேர்ந்தபோது, துணைக்கு ஆள் இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"இருக்காங்க அண்ணாச்சி. முகம் பாத்து நாளாச்சு. நான் போயிப் படுக்கையில பாய் சூடா இருக்கும். அத வச்சுத்தான் ஆள் இருந்திருக்குன்னு தெரிஞ்சுக்கிடுவேன்."

அந்த வாரம் நம் வீட்டில் உனக்குக் காது குத்தினோம் பாப்பா. வாங்க மேடம் என்று கூப்பிட்டேன். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் போய்விட்டு, கையில் துளசியோடு வந்தார். உன்னை மடியில் வாங்கிக்கொண்டார். நீ அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. குத்துகிறவர் ஊசியோடு காத்துக்கொண்டிருந்தார். "புடுங்கி எடுங்க மேடம்" என்றாள் உங்கள் அம்மா. "வேண்டாம்க்கா. அதா விடட்டும்" என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டின்போது உங்கள் அம்மா கேட்டாள். அவளுக்கு எதையும் நேராகக் கேட்டுத்தான் பழக்கம்.

"ஊர்ல உங்களுக்குன்னு யாரும் இல்லியா மேடம்?"

"இருக்காங்கக்கா. எனக்குத்தான் கிடைக்கல."

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. கூட ஒரு கரண்டி பாயசம் விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "இந்த வேலை ஒண்ணு இருக்குக்கா. ஒருநாள் போகலன்னா 'ரிப்போர்ட் எங்க'ன்னாவது ஒருத்தர் தேடுவாரு. அது போதும்."

பாப்பா, இந்த ஒரு வாக்கியத்தை மறக்காமல் வைத்துக்கொள். அவரைத் தேட இந்த உலகத்தில் இருந்தது அந்த வேலை மட்டும்தான். அது அவருக்கும் தெரியும்.

அப்போது கம்பெனியில் புதிதாக ஒரு பால்பானம் கொண்டுவந்தார்கள். கொழுப்பு கிடையாது, புரதம் கூடுதல், வைட்டமின் கூடுதல், வளரும் பிள்ளைகளுக்கு என்று பாக்கெட்டில் ஒரு பையன் தாண்டிக் குதிக்கிற படம். சாதாரணப் பாலுக்கு மேல் பால் புரதத்தூளையும் கொட்டிக் கலப்போம். குழம்பு மாதிரி கெட்டியாக இருக்கும்.

ஆரம்பத்தில் சில கடைகளுக்கு மட்டும் அனுப்பினோம். மேடம் சோதித்தபோது மலை பாதிதான் வந்தது. "அண்ணாச்சி, கொஞ்சம் கூட ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். அடுத்த பேட்ச்சிலும் குறைவு. இன்னும் கூட ஊற்றச் சொன்னார். இன்னும் ஊற்றினேன். ஒருவழியாக மலை வந்தது. கதவும் பாதி திறந்தது.

பிறகு எல்லா ஊருக்கும் அனுப்புகிற பெரிய பேட்ச் வந்தது. மேனேஜர் புரதத்தூளை இன்னும் ஏற்றச் சொல்லியிருந்தார். நான் கடைசியாகக் கூட்டிய அதே அளவில் வைட்டமின் ஊற்றினேன். சாயங்காலம் மேனேஜர் என்னை லேப்புக்குக் கூப்பிட்டார். மிஷின் திரையில் கோடு தரையில் ஓடிக்கொண்டிருந்தது. மலை கிடையாது. ஒரு சின்ன மேடு, எறும்புப் புற்று மாதிரி.

"டின்னை என்ன பண்ணே?" என்றார் மேனேஜர்.

"ஊத்தினேன் சார்."

"ஊத்தினா எங்க போச்சு? காலி டின் எங்க?"

காலி டின்னை அன்றன்றே நசுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. கூட இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பருப்பு கேட்கிற ஏழுமலை மட்டும், "நான் பாத்தேன் சார், ஊத்துனான்" என்றான். "நீ அவன் தோஸ்த்து, வேற எப்படிச் சொல்லுவே?" என்று மேனேஜர் அவன் வாயை அடைத்தார். டின்னை வெளியே விற்றுவிட்டேன் என்று நினைத்துவிட்டார். மேடத்தின் பக்கம் திரும்பி, "வைட்டமின் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இவனை இன்னைக்கே அனுப்பிடறேன்" என்றார்.

"எனக்குக் கிடைக்கலன்னு எழுதுதேன் சார்."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

"வேற வேற சார். அண்ணாச்சி ஊத்தாமலும் இருக்கலாம். எனக்கு எடுக்கத் தெரியாமலும் இருக்கலாம். எதுன்னு தெரியறதுக்கு முன்ன எப்படி எழுத?"

"இத்தனை நாளா எடுத்தீங்களே, இன்னைக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போகும்?"

மேடம் திரையில் இருந்த அந்தச் சின்ன மேட்டைப் பார்த்தார். "நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் குடுங்க" என்று மட்டும் கேட்டார். மேனேஜர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். என்னிடம் மேடம், "பயப்படாதீங்க" என்றுகூடச் சொல்லவில்லை. நான் ஊற்றினேன் என்று அவருக்கும் தெரியாதல்லவா? தெரியாததைச் சொல்ல மாட்டார். எனக்கு அப்போது வருத்தமாகத்தான் இருந்தது. நம்புதேன் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது உங்கள் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் மதியம் லேப்பிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். போனேன். மேடம் ஒரு குடுவையை மஞ்சள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். அடியில் வெள்ளையாய் உருண்டை உருண்டையாய்க் கிடந்தது.

"அக்கா உப்புமா கிண்டையில கட்டி விழுந்திருக்கா?"

"விழும் மேடம்."

"அந்தக் கட்டிய ஒடைச்சா உள்ள என்ன இருக்கும்?"

"வேகாத ரவை இருக்கும்."

"அதேதான். புரதம் கூடிப்போச்சுலா, காரத்தப் போட்டதும் கட்டிகட்டியா தெரண்டுட்டு. மேல் தோல் மட்டும் வெந்திருக்கு. உள்ள இருக்க வெத்தல ஒண்ணுகூடத் தெறக்கல."

கண்ணாடிக் குச்சியால் கட்டிகளை உடைத்து, காரம் கூட விட்டு, வெந்நீரில் வெகுநேரம் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். மிஷினில் போட்டார். கோடு தரையிலேயே ஓடியது. ஓடியது. பிறகு எழும்பியது பாப்பா. திரையின் கூரையைத் தொடுகிற மாதிரி எழும்பியது. அத்தனை வைட்டமினும் அங்கேயே, அந்தப் பாலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் திருடன் இல்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏழுமலை பின்னாலிருந்து, "ரெண்டு கிலோ துவரம்பருப்பு கட்டுபா, எல்லாருக்கும் சாம்பார்!" என்று கத்தினான்.

மேடம் மட்டும் அந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவைத் திறந்து வைக்கவில்லை. "ரொம்ப உசரமா இருக்கு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, நானும் ஏழுமலையும் நின்ற டேங்க் அருகே என்னைத் தேடி வந்தார். வெளிச்சத்தில் அவர் முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, முன்னால போன பேட்ச்சுலயும் நீங்க மொத முதல்ல ஊத்துனதே சரியாத்தான இருந்திருக்கும்?"

எனக்கு உடனே புரியவில்லை.

"எனக்குக் கிடைக்கலங்கதுக்காக, அங்க இல்லன்னு நானே நெனச்சுட்டேன். நெனச்சுட்டுக் கூட ஊத்தச் சொன்னேன்."

அன்றைக்குத்தான் அவர் வாயில் 'இல்லை' என்ற அந்தச் சொல்லை முதல் தடவையாகக் கேட்டேன்.

இந்த வைட்டமின் கூடிப்போனால் ஒரே நாளில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் உடம்பிலேயே தங்கிச் சேரும். தினம் குடிக்கிற பிள்ளைக்கு நல்லதில்லை. கடைக்குப் போன பாக்கெட்டெல்லாம் அப்படித்தான் போயிருக்கிறது. எங்கள் மூன்று பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது.

"வுடுங்க மேடம்" என்றான் ஏழுமலை. அவன் கெட்டவன் கிடையாது. அவருக்காகத்தான் சொன்னான். "கொஞ்சம் கடைக்குத்தான போச்சு. இன்னிலருந்து கம்மியா ஊத்திக்கினாப் போச்சு. நீங்க போயிச் சொன்னா உங்க வேலதான் போவும். யாருக்குத் தெரியும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல முடியும்? நீ வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்தாய். பாக்கெட்டில் குதிக்கிற பையன் நினைவுக்கு வந்தான். அவர் காது குத்தில் சொன்ன வாக்கியமும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் டேங்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாருக்கும் தெரியாட்டியும், குடிச்ச பிள்ளைக உடம்புல இருக்கும்லா" என்று சொல்லிவிட்டு அவர் மேனேஜர் அறைப் பக்கம் நடந்தார். போட்டிருந்த வெள்ளை லேப் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் போனார். என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் போனார்.

அந்த வாரம் கடைகளிலிருந்து பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. லேபிள் தப்பாம் என்று கடைக்காரர்களிடம் சொன்னார்கள். பின்பக்கத்தில் நானும் ஏழுமலையும் பாக்கெட்டுகளைக் கிழித்துக் கால்வாயில் கொட்டினோம். அவருக்கு அது கடைசி வாரம். எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொரு பெட்டியாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாய் ஓடுகிற பாலைப் பார்த்து, "இப்பவும் பிடிச்சுக்கிட்டுத்தான் போகுது அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு அது.

நான் சரியாகக் கும்பிட்டுக்கூட வழியனுப்பவில்லை. மேனேஜர் அருகில் நின்றிருந்தார். மேடம் கேட் பக்கம் போனபோது என் இரண்டு கையிலும் கிழித்த பாக்கெட்டுகள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா, "வா, போயிப் பாத்துட்டு வரலாம். நம்ம வூட்லயே கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றாள். உன்னையும் தூக்கிக்கொண்டு சுங்குவார்சத்திரம் போனோம். டீக்கடையில் விசாரித்து அறையைக் கண்டுபிடித்தோம். தூக்கக் கலக்கத்தோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

"அக்கா ஊருக்குப் போயிட்டாங்க."

"எந்த ஊருக்குமா?"

"சொல்லலியே."

உள்ளே சுவரோரம் ஒரு பாய் விரித்திருந்தது. உங்கள் அம்மா குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். "சூடா கீது" என்றாள் என்னிடம், அப்போதுதான் அவர் எழுந்து போன மாதிரி ஒரு ஆசையோடு.

"நான் இப்பதான் எந்திரிச்சேன்க்கா" என்றாள் அந்தப் பெண்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டாள். நீ அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாய்.

லேப்புக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான். ஜன்னலின் காக்கித்தாளை வெள்ளைத் திரையாக மாற்றினான். நல்ல பையன்தான். ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று எழுதுவான். நாங்களும் பழகிக்கொண்டோம். ஒருநாள் ஏழுமலை ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தான். வழக்கம் போல அவர் குரலில் இழுத்துச் சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் நிறுத்திவிட்டான். அதற்கப்புறம் யாரும் அதைச் சொல்லிச் சிரித்ததில்லை.

காது குத்துக்கு வந்தபோது மேடம் கொடுத்த நம்பர் என் போனில் இன்னும் இருக்கிறது. எத்தனையோ போன் மாறிவிட்டது. ஒவ்வொன்றிலும் மறக்காமல் ஏற்றிவைப்பேன். இதை எழுதி முடிக்கிற இன்றைக்கும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். நீங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தீர்கள். வழக்கமான அந்தப் பெண்குரல் வந்தது. நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

"அப்பா, இல்லன்னு சொல்லுது" என்றாய் நீ.

தம்பி வீட்டுப்பாடக் கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல், "இல்லன்னு சொல்லாதக்கா. அப்பாவுக்குக் கிடைக்கல" என்றான்.

நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினேன்.